பத்து வீட்டில் ஒரு வீடு

மார்ச் 4
தையல் கூடம்

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் இவ்வளவு தெம்பாக ஊர் ஊராகப் போன் போட்டுக்கொண்டிருக்க முடியாது.

நான் உங்கள் போனை எடுக்காமல் இருப்பதற்குக் காரணம் போன் கெட்டுப்போனது அல்ல. எடுத்தால் என் வாய் நீண்டுவிடும். உங்கள் மகள் எனக்கு மருமகள், என் மகன் உங்களுக்கு மாப்பிள்ளை. இத்தனை வருடம் முகம் சுளிக்காமல் ஓட்டிய சம்பந்தம். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நடுவில் எழுந்து போய் மெஷினில் ஒரு சட்டையை முடித்துவிட்டு வரலாம். கோபம் கொஞ்சம் இறங்கும்.

என் வீட்டு மேல்மாடியில் இருந்த வங்கிக்காரர் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை காலி செய்துவிட்டுப் போய்விட்டது. அவர் மனைவி உங்களுக்கு ஏதோ வகையில் உறவு என்று நீங்கள் சொல்லித்தான் குடி வைத்தேன். ஏன் போகிறீர்கள் என்றால் "புள்ளைங்க ஸ்கூலுக்குத் தூரமா இருக்கும்மா" என்றாள். பள்ளிக்கூடம் அடுத்த தெருவில் இருக்கிறது. மணி அடித்தால் என் கூடத்துக்குக் கேட்கும். கட்டிலை வண்டியில் ஏற்றும்போதுதான் உண்மை வந்தது.

"உங்க சம்பந்தியம்மாதான் போன் பண்ணாங்க. பூகம்பம் வந்தா இந்தத் தெருவுல பத்து வீட்டுக்கு ஒரு வீடு விழும்னு பேத்தி கணக்குப் போட்டிருக்காளாம். எந்த வீடுன்னு அவங்க வாயால சொல்லல. ஆனா 'நீ ஜாக்கிரதையா இரும்மா'ன்னு ரெண்டு தடவை சொன்னாங்க."

எங்கள் தெருவில் சரியாகப் பத்து வீடு. இப்போது பத்து வீட்டுக்காரர்களும் மற்ற ஒன்பது வீட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் என் மாடியைப் பார்த்தபடியே சொல்கிறார்: "ஒன்பது வீடு நிக்கும்னா நல்ல சேதிதானேம்மா. அந்த ஒன்னு எதுன்னு மட்டும் தெரிஞ்சா போதும்." கீழே என் கூடத்தில் தைக்கிற பெண்களில் ஒருத்தி மெஷினை வாசலுக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். காற்று வருகிறதாம்.

நம் பேத்தி பூகம்ப ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்ப்பது எனக்கும் பெருமைதான். எங்கள் வட்டாரத்துக்கு எந்தக் கணக்கு முறை பொருந்தும் என்று ஒப்பிட்டுப் பார்க்கிற வேலையை அவளிடம் கொடுத்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். அவள் என்னிடமே பேசினாள். பள்ளிச் சீருடை ஆர்டர் வந்திருப்பதால் கூடத்தின் குறுக்குச் சுவரை இடித்து நீளமாக ஒரு வெட்டு மேசை போடப்போகிறேன் என்றேன். "இடிக்காதீங்க பாட்டி" என்றாள். "பார்க்கலாம்" என்றேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் ஊருக்குச் சொல்லிவிட்டீர்கள்.

சுவரை இடிக்கத்தான் போகிறேன். மேஸ்திரி பார்த்துவிட்டார். "வெறும் தடுப்புச் சுவர்தாம்மா, எதையும் தாங்கல" என்றார்.

இப்படிக்கு,
சம்பந்தி


மார்ச் 9

மரியாதைக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தபால்காரரே வாசலில் நின்று "பெரிய கடிதமா இருக்கே" என்று கொடுத்தார். நான் படித்த பிறகு அது பெரிய கடிதமாகத் தெரியவில்லை, பெரிய கத்தரிக்கோலாகத் தெரிந்தது.

நான் ஊர் ஊராகப் போன் போடவில்லை. ஒரே ஒரு போன். அதுவும் உங்கள் நன்மைக்கு. நம் பேத்தி சிட்டு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்குப் பேசுகிறாள், உங்களுக்குத் தெரியும். (உங்களிடம் மாதத்துக்கு ஒருமுறை பேசுகிறாள் என்று சொல்லிக் குத்திக்காட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள்.) அவளுடைய அலுவலகத்தில் பத்து வருடம் வேலை பார்த்தவர்களெல்லாம் இருக்க, அவளைக் கூப்பிட்டு அந்த வட்டாரம் முழுவதையும் கையில் கொடுத்திருக்கிறார்கள். மலை, ஆறு, அணை, உங்கள் தெரு எல்லாம் அவள் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. நான் இதைப் பால்காரரிடம் சொன்னேன். இஸ்திரிக்காரரிடம் சொன்னேன். சந்தோஷத்தைச் சொல்லாமல் பூட்டியா வைக்க முடியும்?

அவள் என்னிடம் சொன்ன வார்த்தை இதுதான்: "ஐம்பது வருஷத்துல, பத்துல ஒன்னு." உங்கள் தெருவில் பத்து வீடு. எனக்கும் கணக்கு வரும். உங்கள் வீடுதான் என்று நான் சொல்லவே இல்லை. சொல்லாமல் இருக்க எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா?

ஏன் உங்கள் வீடு என்று நினைத்தேன் என்றால், அதுவும் அவள் சொன்னதுதான். மற்ற வீடுகளுக்குக் கீழே அறை அறையாகச் சுவர் இருக்கிறது. உங்கள் வீட்டில் கீழே முழுக்கக் கூடம். "மேல ரெண்டு மாடி கனமா பெட்டி மாதிரி உட்கார்ந்திருக்கு, கீழே வெறும் தூண்தான் பாட்டி. நிலம் பக்கவாட்டுல ஆட்டினா காலு மடங்குற மாதிரி மடங்கும். இருக்கிறது ஒரே ஒரு குறுக்குச் சுவர். அதையும் எடுக்கப் போறாங்க" என்று சொல்லும்போது அவள் குரல் எப்படியோ இருந்தது. மேஸ்திரி சொன்னது மேலிருந்து வரும் கனத்துக்கு. இது பக்கத்திலிருந்து வரும் இடிக்கு. அந்தச் சுவர் நாள் முழுக்க எதையும் தாங்காமல் சும்மா நிற்கலாம். அது நிற்க வேண்டியது ஒரே ஒரு நாளைக்குத்தான்.

அதனால்தான் வங்கிக்காரர் மனைவியிடம் பேசினேன். உங்களிடம் சொன்னால் நீங்கள் கேட்க மாட்டீர்கள், மேல்மாடிக்காரி சொன்னால் கேட்பீர்கள் என்று நினைத்தேன். அவள் உங்களிடம் சொல்வாள் என்று பார்த்தால் மூட்டை கட்டிவிட்டாள். இதில் என் தப்பு எங்கே இருக்கிறது?

இடிக்காதீர்கள்.

சிட்டுவின் பாட்டி


மார்ச் 14
தையல் கூடம்

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

"சிட்டுவின் பாட்டி" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பதவியில் இரண்டு பேர் இருக்கிறோம் என்பதை நினைவுபடுத்துகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அவளுக்கே போன் செய்தேன். பத்து வீட்டுக் கணக்கைச் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு பொறுமையாக விளக்கினாள்.

"பாட்டி, அது வீட்டுக் கணக்கே இல்லை. நிலம் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல ஆடுறதுக்கு, ஐம்பது வருஷத்துக்குள்ள பத்துல ஒரு பங்கு வாய்ப்பு இருக்குன்னு அர்த்தம். ஆடினா பத்து வீடும் சேர்ந்துதான் ஆடும். ஒன்னைப் பொறுக்கி எடுக்காது."

"அப்ப மிச்ச ஒன்பது?"

"மிச்சம் ஒன்பதுன்னா, அந்த அளவு ஆட்டம் வராமலே ஐம்பது வருஷம் போயிடலாம். வீடு இல்ல பாட்டி, வாய்ப்பு."

ஆக, உங்களுக்குக் கணக்கு வரும் என்று நீங்கள் எழுதியதை நான் ஏற்கவில்லை. இதைத் தெருவில் எல்லோரிடமும் சொன்னேன். மருந்துக்கடைக்காரர் கேட்டுவிட்டு, "அப்ப பத்தும் விழுமா?" என்றார். நான் கூடத்துக்குள் போய் மெஷினில் உட்கார்ந்துகொண்டேன்.

அதோடு விடவில்லை, அவள் ஒப்பிட்டுப் பார்க்கிற இரண்டு கணக்கு முறைகளைப் பற்றியும் கேட்டேன். வடக்கே மலையடிவாரத்தில் பூமிக்குள் ஒரு பிளவு இருக்கிறதாம். முதல் முறையில், அந்தப் பிளவு தன் முழு பலத்தோடு ஒரே மூச்சில் நகர்ந்தால் எங்கள் ஊர் எப்படி ஆடும் என்று பார்க்கிறார்கள். எப்போது நகரும் என்ற கேள்வியே கிடையாது. இருப்பதில் மோசமானதை எடுத்துக்கொள்வது. அப்படிப் போட்ட வரைபடத்தில் எங்கள் ஊர் சிவப்பு, அதாவது ஆபத்து. இரண்டாவது முறையில், சுற்றுவட்டாரத்தில் இதுவரை வந்த சின்னது பெரியது எல்லாவற்றையும் சேர்த்து, எது எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை வருகிறது என்று எடை போடுகிறார்கள். மலையடிப் பிளவு பல ஆயிரம் வருடத்துக்கு ஒருமுறைதான் பெரிதாகப் புரளுமாம். அதனால் அந்தப் படத்தில் எங்கள் ஊர் மஞ்சள்.

ஒரே பேத்தி, இரண்டு படம். ஒன்றில் என் வீடு சிவப்பில் கிடக்கிறது, இன்னொன்றில் மஞ்சளில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது. எனக்கு மஞ்சள் பிடித்தது, எடுத்துக்கொண்டேன் என்றேன்.

"பாட்டி, இது துணிக்கடை இல்லை" என்றாள்.

"துணிக்கடையில இப்படி ரெண்டு காட்டினா எதை எடுக்கணும்னு சொல்ற மரியாதையாவது இருக்கும்" என்றேன்.

சீருடை ஆர்டருக்குப் பள்ளி திறக்கும் நாள் காத்திருக்காது. இந்த ஆர்டரை விட்டால் என்னிடம் தைக்கிறவர்களில் பாதிப்பேருக்கு வேலை இல்லை. அடுத்த வாரம் வியாழக்கிழமை மேஸ்திரி கடப்பாரையோடு வருகிறார்.

சிட்டுவின் இன்னொரு பாட்டி


மார்ச் 17

சம்பந்தியம்மாவுக்கு,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். வியாழக்கிழமைக்கு முன் வந்து சேர வேண்டும்.

சரி, பத்து வீடு விஷயத்தில் நான் சொன்னது தப்பு. சிட்டு எனக்கும் போன் பண்ணித் திட்டினாள். "நான் உங்ககிட்ட மனசுவிட்டுப் பேசுறது நீங்க ஒலிபரப்பு பண்றதுக்கா?" என்று கேட்டாள். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் திட்டும்போது எவ்வளவு தெளிவாகப் பேசுகிறாள்! நடுவில் ஒரு வார்த்தை தடுக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

திட்டி முடித்ததும் எனக்குப் புரிகிற மாதிரி சொல்லு என்றேன். அவள் சொன்னதைக் கேட்டதும் எனக்கு நம் பிள்ளைகள் கல்யாணம் ஞாபகம் வந்தது. உங்கள் பக்கத்திலிருந்து எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டதற்கு, "எங்க வீட்டுக் கல்யாணங்களுக்கு வழக்கமா இவ்வளவுதான் வருவாங்க" என்று ஒரு எண் சொன்னீர்கள். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. "அவங்க சொந்தம் மொத்தமும், சொந்தத்துக்குச் சொந்தமும், பக்கத்து வீட்டுக்காரனையும் கூட்டிக்கிட்டு வந்தா?" என்று அந்தக் கணக்கில் சமைக்கச் சொன்னார். மிச்சத்தை மூன்று தெருவுக்குக் கொடுத்தோம். இன்றுவரை நீங்கள் அதைச் சொல்லிக் காட்டுகிறீர்கள்.

அதுதான் இது. என் வீட்டுக்காரர் செய்தது முதல் முறை. நீங்கள் சொன்னது இரண்டாவது முறை. இதைச் சிட்டுவிடம் சொன்னேன். "கிட்டத்தட்ட சரிதான் பாட்டி!" என்று கத்தினாள். "கிட்டத்தட்ட"வை விட்டுவிட்டு மற்றதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். அணைக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் முதல் முறையைப் பார்க்காமல் இருக்க முடியாதாம். ஒருமுறை தவறினாலும் திருத்த முடியாத இடங்கள். ஊரில் இருக்கிற சாதாரண வீடு ஒவ்வொன்றையும் அப்படிக் கட்டச் சொன்னால் யாரும் வீடே கட்ட முடியாது, அதனால் அவற்றுக்கு இரண்டாவது முறை. அதிலும் ஐம்பது வருடம் என்று கேட்டால் ஒரு பதில் வரும், இன்னும் நீண்ட காலத்தை வைத்துக் கேட்டால் மஞ்சளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பாகுமாம். "ரெண்டும் பொய் சொல்லல பாட்டி. ரெண்டு பேரும் வேற வேற கேள்விக்குப் பதில் சொல்றாங்க."

இப்போது அவளுக்கும் அலுவலகத்தில் சிக்கல். அவளுடைய அதிகாரி இரண்டு படத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து ஒரே படமாகக் கொடு என்கிறாராம். இவள் முடியாது என்கிறாள். "எங்க பாட்டி அங்கே இருக்காங்கன்னு நான் சிவப்புப் பக்கம் சாயுறேனோன்னு எனக்கே சந்தேகமா இருக்கு" என்றாள். அந்தப் பாட்டி நீங்கள்தான். நான் இருக்கிற ஊர் எந்தப் படத்திலும் வெளிறிப்போய்க் கிடக்கிறதாம். என்னைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

சம்பந்தியம்மா, வியாழக்கிழமை வேண்டாம். சுவர் எங்கேயும் ஓடிப்போகாது. இடித்தால் திரும்ப வராது. உங்களுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் இந்த வயதில் நான் புதிதாக யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பேன்?

சிட்டுவின் முதல் பாட்டி
(பிரசவம் என் வீட்டில்தான் நடந்தது. அவளை முதலில் பார்த்தது நான்தான்.)


மார்ச் 23
தையல் கூடம்

சம்பந்தியம்மாவுக்கு,

மேஸ்திரி வந்தார், டீ குடித்தார், போனார். அவருக்குக் காய்ச்சல் என்று தெருவில் சொல்லியிருக்கிறேன். உங்கள் கடிதத்துக்காக நான் நிறுத்தினேன் என்று நீங்கள் யாரிடமாவது சொன்னால் அந்த நிமிடமே இடித்துவிடுவேன்.

இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்கச் சொல்கிற அந்த அதிகாரி தன் சட்டையை எங்கே தைக்கிறார் என்று கேட்டுச் சொல்லுங்கள். கழுத்து ஒரு அளவு, இடுப்பு ஒரு அளவு. கூட்டி வகுத்து நடுவில் ஒரு அளவு வைத்துத் தைத்தால் தலையும் நுழையாது, வயிறும் நுழையாது. இதைச் சிட்டுவிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "பாட்டி, இதை நான் கூட்டத்துல சொல்லலாமா?" என்றாள். தாராளமாகச் சொல், எந்தப் பாட்டி என்பதையும் சேர்த்துச் சொல் என்றேன்.

எனக்கு இருக்கிற குறை வேறு. இரண்டு படமும் எந்த மண்ணை வைத்துப் போட்டது என்று கேட்டேன். கெட்டிப் பாறை என்று வைத்துக்கொண்டு போட்டதாம். இங்கே பாறையா? எங்கள் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது நான் நின்று பார்த்தேன். எவ்வளவு ஆழம் போனாலும் வண்டல். அந்தக் காலத்தில் ஆறு இந்தப் பக்கமாக ஓடியது என்று சொல்வார்கள். "அது தெரியும் பாட்டி, மண்ணோட கணக்கை அடுத்த கட்டத்துல சேர்க்கணும்" என்றாள். அதற்கு முன்பே சிவப்பு, மஞ்சள் என்று பேசினால் எப்படி? ஆளைப் பார்க்காமல், அளவெடுக்காமல், போட்டோவைப் பார்த்து ரவிக்கை தைக்கிற கதை.

வந்து அளவெடு, அப்புறம் பேசு என்று சொல்லிவிட்டேன். வருகிறாள். அளவு என்ன சொல்கிறதோ அதன்படி செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அது எனக்குச் சாதகமாக வந்தால் நீங்களும் வாயைத் திறக்கக் கூடாது.

சிட்டுவின் இன்னொரு பாட்டி


ஏப்ரல் 1

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் வீட்டுக்கு வருகிறாளாமே. என் வீட்டுக்கு வந்து எத்தனை காலம் ஆயிற்று! இங்கேயும் மண் இருக்கிறது. அதை அளக்க யாருக்கும் தோன்றவில்லை.

இத்துடன் ஒரு போர்வை வருகிறது. அவளுக்கு. நீங்கள் தைத்த போர்வை கனமாக இருக்கிறது என்று உதைத்துத் தள்ளுவாள். காலையில் எழுப்பும்போது காலைத் தொட்டு எழுப்புங்கள், தோளைத் தொட்டால் எரிந்து விழுவாள். அவள் அளந்ததைச் சொல்லும்போது முகத்தைப் பாருங்கள். நல்ல சேதி இல்லை என்றால் மூக்கைத் தேய்ப்பாள். அந்த மூக்கு உங்கள் வீட்டு மூக்கு என்று நீங்கள் சொல்வீர்கள். தேய்க்கிற பழக்கம் எங்களுடையது.

எனக்குப் பயமாக இருக்கிறது. எது வந்தாலும் ஒளிக்காமல் எழுதுங்கள்.

சி. பாட்டி


ஏப்ரல் 12
தையல் கூடம்

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

வந்தாள், அளந்தாள், நேற்றுப் போனாள். போர்வையை உதைத்துத் தள்ளினாள், உங்களுடையதைத்தான்.

கூடவே அலுவலகத்திலிருந்து ஓர் ஆள், இரண்டு பெட்டி. பெட்டிக்குள் இருந்த கருவி டிபன் டப்பா அளவுதான். அதை முதலில் பின்பக்கம் வெறுந்தரையில் வைத்தாள். பூகம்பம் வராமல் இது என்ன அளக்கும் என்று கேட்டேன். பஸ் போவது, காற்று மரத்தை ஆட்டுவது, யாரோ எங்கோ தண்ணீர் மோட்டார் போடுவது, இதெல்லாம் நிலத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கிறதாம். நமக்குத் தெரியாது. அந்தத் தொடுதலில் மண்ணுக்கு எந்த வேகத்தில் ஆடப் பிடிக்கும் என்று டப்பா கேட்டுச் சொல்லும்.

அடுத்து வீட்டை அளக்க வேண்டும். கூடத்தில் ஒன்று, மாடிகளில் ஒவ்வொன்று. "மெஷினை எல்லாம் நிறுத்தணும் பாட்டி."

நான் மின்வெட்டுக்குக்கூட மெஷினை நிறுத்தியவள் இல்லை, கால் மெஷின் வைத்திருக்கிறேன். எவ்வளவு நேரம் என்றேன். சாப்பாட்டு நேரத்தைவிடக் கூடுதல் என்றாள். சரி என்று நிறுத்தினேன். பெண்கள் நடக்கவும் கூடாது என்றதும் எல்லோரும் வெட்டு மேசைமேல் ஏறிக் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள், ஆற்றில் வெள்ளம் வந்த மாதிரி. காஜா போடுகிறவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க மேசை குலுங்குகிறது. "பேசலாம், சிரிக்கலாம், குலுங்கக் கூடாது" என்று சிட்டு கெஞ்சுகிறாள். "குலுங்காம எப்படி சிரிக்கிறதுன்னு உங்க ஆபீசுல சொல்லித் தருவாங்களா கண்ணு?" என்று அவள் கேட்க, மொத்த மேசையும் சிரித்துக் குலுங்கியது. மறுபடி முதலிலிருந்து அளந்தார்கள்.

சாயங்காலம் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் மூக்கைத் தேய்த்தாள்.

ஒளிக்காமல் எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். வண்டல் ஆட்டத்தைக் கூட்டிக் கொடுக்கிறதாம். பாறையில் வருகிற ஆட்டம் இங்கே வந்து சேரும்போது இரண்டு பங்குக்கு மேல். அதுகூடப் பெரிதில்லை. இந்த மண்ணுக்கு ஆடப் பிடிக்கிற வேகமும் என் வீட்டுக்கு ஆடப் பிடிக்கிற வேகமும் ஏறக்குறைய ஒன்று. ஊஞ்சல் திரும்பி வருகிற அதே நேரத்தில், பின்னால் நின்று ஒருத்தர் தள்ளிக்கொண்டே இருந்தால் எப்படி ஏறும், அப்படி.

"அப்ப சிவப்புதானா?" என்றேன்.

"இப்ப அந்தச் சண்டையே வேண்டாம் பாட்டி. மஞ்சளை வெச்சே கணக்குப் போட்டாலும் இந்தக் கூடம் தாங்காது. நான் ரெண்டு முறையிலயும் போட்டுப் பார்த்துட்டேன். ரெண்டும் முதல் தடவையா ஒரே பதிலைச் சொல்லுது."

"சுவரை இடிச்சா?"

"இடிக்கலன்னாலும்."

சம்பந்தியம்மா, நான் அவளை இரண்டு முறை அதட்டினேன். என் வீட்டுக்காரர் கட்டிய வீடு, உனக்கு என்ன தெரியும் என்றேன். அவள் போய் அந்தக் குறுக்குச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள், சின்ன வயதில் கோபம் வந்தால் உட்காருவாளே அதே மாதிரி, முழங்காலைக் கட்டிக்கொண்டு. "உங்களைப் பயமுறுத்த நான் வேலைக்குச் சேரல பாட்டி" என்றாள். எனக்கு அதற்குமேல் அதட்ட வரவில்லை.

வாக்கு வாக்குதான். சுவரை இடிக்கவில்லை. வாசல் பக்கம் இரண்டு புதுச் சுவர் வருகிறது, கம்பி கட்டிய கான்கிரீட் சுவர். தூண்களைச் சுற்றிக் கம்பி கட்டித் தடிமனாக்க வேண்டும். கூடம் பாதியாகிவிடும். சீருடை ஆர்டரில் பாதியை மேலத்தெருத் தையல்காரிக்குக் கொடுத்துவிட்டேன். அவள் கடைப் படியை நான் மிதித்ததே இல்லை, நேற்று மிதித்தேன். என் பெண்களில் நான்கு பேரையும் கூடவே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "உங்க கையில பழகினவங்கன்னா கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்கிறேன்" என்றாள். அவளிடம் எனக்குப் பிடித்த ஒரே வார்த்தை அது.

இன்றைக்கு இவ்வளவுதான். மெஷினில் ஒரு சட்டை காத்திருக்கிறது.

உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 18

என் அன்புச் சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அந்த மேலத்தெருக்காரியைப் பற்றி என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள்! கொக்கி வைக்கத் தெரியாது, காலர் நிற்காது என்று. அவள் படி ஏறினீர்களா? வழக்கமாக வாயில் வருகிற கேலி எதுவும் எனக்கு இப்போது வரவில்லை.

ஒரு நல்ல சேதி. சட்டைக் கதையைச் சிட்டு கூட்டத்தில் சொல்லிவிட்டாள். அதிகாரி சிரிக்கவில்லையாம், ஆனால் தன் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாராம். இனி கூட்டி வகுக்கிற பேச்சு இல்லை. இரண்டு படமும் தனித்தனியாகப் போகும், எந்தக் கேள்விக்கு எது என்று பக்கத்தில் எழுதியிருக்கும், மண் படம் ஒன்று மேலே வரும். உங்கள் ஊரில் கீழே கூடம் வைத்துக் கட்டிய வீடு எல்லாவற்றையும் பார்க்க ஆள் அனுப்பப் போகிறார்களாம். சட்டைக் கதை எந்தப் பாட்டி சொன்னது என்று இங்கே யாரும் கேட்கவில்லை. கேட்டால் உங்கள் பெயரைத்தான் சொல்வேன். முதல் தடவை கேட்டால் சொல்ல மாட்டேன், இரண்டாம் தடவை சொல்வேன்.

வேலை நடக்கும் நாட்களில் தூசி. மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் சம்பந்தி


ஜூலை 20
தையல் கூடம்

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

வேலை முடிந்தது. தூண்கள் ஒவ்வொன்றும் சாப்பிட்டுப் பெருத்த மாதிரி நிற்கின்றன. கூடம் சின்னதாகிவிட்டாலும் வெளிச்சம் குறையவில்லை. சிட்டு வந்து டப்பாவை வைத்துப் பார்த்தாள். வீடு இப்போது வேறு வேகத்தில் ஆடுகிறது, மண்ணோடு தாளம் சேரவில்லை. இந்தத் தடவை மூக்கைத் தேய்க்கவில்லை.

ஆனால் ஒன்று நான் எதிர்பார்க்கவில்லை. மேல்மாடிக்கு ஆள் வரவில்லை. வருகிறவர்கள் சுற்றிப் பார்க்கிறார்கள், பிடித்திருக்கிறது என்கிறார்கள், தெருமுனை வரை போகிறார்கள், அங்கே யாரோ ஏதோ சொல்கிறார்கள், திரும்பி வருவதில்லை. வாசலுக்கு மெஷினை இழுத்துப் போட்டவள் வேலைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். அவள் மாமியார் விடவில்லையாம். இன்னொருத்தியும் யோசிக்கிறாள். மேல்மாடி வாடகையும் இல்லை, கையும் குறைந்தால் மிச்சமிருக்கிற பாதிக் கூடத்தையும் நடத்த முடியாது, மூடவேண்டியதுதான்.

மருந்துக்கடைக்காரரைக் கூட்டி வந்து தூணைத் தட்டிக் காட்டினேன். கம்பி கட்டியபோது அவரே நின்று பார்த்தவர். பேத்தியின் அறிக்கையைக் காட்டினேன். எல்லாம் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "அதெல்லாம் சரிம்மா. ஆனா உங்க சம்பந்தியம்மாவே சொன்னாங்களே!"

இந்தத் தெருவில் உங்கள் வார்த்தைக்கு இருக்கிற மதிப்பு எனக்கு இல்லை, என் பேத்திக்கு இல்லை, அரசாங்கத்துக்கும் இல்லை. நீங்கள் போனில் பேசி மாற்றினால் நம்ப மாட்டார்கள், சம்பந்திக்காகச் சொல்கிறார் என்பார்கள்.

அதனால் கேட்கிறேன். கேட்டுப் பழக்கம் இல்லாததால் சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். நீங்கள் வந்து அந்த மேல்மாடியில் ஒரு மாதம் தங்க வேண்டும். விழும் என்று சொன்ன ஆளே மேலே படுத்துத் தூங்கினால் அதற்குமேல் எந்தக் கணக்கும் வேண்டாம்.

முழங்கால் வலி என்று சொல்வீர்கள். படிக்குக் கைப்பிடி போட்டிருக்கிறேன்.

உங்கள் சம்பந்தி


ஜூலை 25

என் அன்புச் சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்கு இரண்டு மாதிரி இருந்தது. என் பேச்சுக்கு உங்கள் ஊரில் அவ்வளவு மதிப்பா என்று ஒரு பக்கம். அய்யோ, அந்த வீட்டு மேல்மாடியிலா என்று ஒரு பக்கம். உண்மையைச் சொல்கிறேன், நான் பயந்தவள். நாற்காலிமேல் ஏறி மின்விசிறி துடைக்கவே பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவேன்.

சிட்டுவுக்குப் போன் போட்டேன்.

"அந்த வீடு இப்ப விழாது இல்ல?"

"விழவே விழாதுன்னு எழுதிக் கொடுக்க எந்த முறையிலயும் வழி இல்ல பாட்டி. முன்னாடி இருந்ததைவிட எவ்வளவோ நல்லா இருக்கு. பெருசா ஒன்னு வந்தா சுவரு விரிசல் விடலாம். ஆனா வீடு மடங்காது, உள்ள இருக்கிறவங்க இறங்கி வர நேரம் கொடுக்கும். அதுக்குத்தான் இவ்வளவும் பண்ணோம்."

"பத்துல எத்தனை?"

"பாட்டி, தயவு செஞ்சு எண் கேட்காதீங்க."

"சரி, எண் வேண்டாம். நீ அந்த மேல்மாடியில தூங்குவியா?"

"தூங்குவேன்."

யோசிக்காமல் சொன்னாள். எதைக் கேட்டாலும் "கிட்டத்தட்ட" என்றும் "வாய்ப்பு இருக்கு" என்றும் சொல்கிற பெண், இதற்கு மட்டும் மூச்சுவிடும் நேரம்கூட எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். ஒரு மாதம் போதாது, இரண்டு மாதம் இருக்கிறேன். உங்களுடன் சண்டை போட ஒரு மாதம், சமாதானமாக இருக்க ஒரு மாதம். என் போர்வையை நானே கொண்டுவருகிறேன். நீங்கள் தைத்ததைக் கொடுக்க வேண்டாம், கனமாக இருக்கும்.

கட்டிலைச் சுவரோரம் போட்டுவிடாதீர்கள். தெருப்பக்கத்து ஜன்னலை ஒட்டிப் போடுங்கள், திரையை எடுத்துவிடுங்கள். போகிறவர் வருகிறவர் அண்ணாந்தால் நான் படுத்திருப்பது தெரிய வேண்டும். மருந்துக்கடைக்காரர் கடை அடைக்கும் வரை விளக்கையும் அணைக்க வேண்டாம். எனக்கு எந்த வெளிச்சத்திலும் தூக்கம் வரும்.

உங்கள் சம்பந்தி